நீலகிரித் தைல ஆய்வகத்தில் ஹைட்ரஜன்: எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம்

நீங்கள் கேட்டது சுருக்கமாக இது. குன்னூரில் நீலகிரித் தைலம், லெமன்கிராஸ் தைலம் சோதிக்கும் சிறு ஆய்வகம். பழைய பங்களாவின் பின்கட்டு அறையில் ஒரு ஜி.சி. கருவி (தைலத்தின் கூறுகளைப் பிரித்து அளக்கும் கேஸ் குரோமட்டோகிராஃப்) ஓடுகிறது. மாதிரியைக் கருவிக்குள் சுமந்து செல்லும் கேரியர் வாயுவாக இதுவரை ஹீலியம்தான். விலை கட்டுப்படியாகவில்லை, ஹைட்ரஜனுக்கு மாறலாமா என்று யோசிக்கிறீர்கள். கட்டட உரிமையாளர் "வெடித்துவிடும்" என்கிறார். கருவி விற்றவர் "ஒன்றும் ஆகாது" என்கிறார். கூடவே, புராஜெக்டுக்கு வரும் மாணவர்கள் லெமன்கிராஸ் தைலத்துக்கு மணம் தரும் சிட்ராலை ஹைட்ரஜனேற்றிப் (ஹைட்ரஜனோடு வினைபுரிய வைத்துப்) பார்க்க அனுமதி கேட்கிறார்கள், விடலாமா?

மாறலாம். ஆனால் ஹைட்ரஜன் சிலிண்டர் அந்த அறைக்குள் இருக்கக் கூடாது. கூரையின் உச்சியில் வாயு வெளியேற எப்போதும் திறந்த வழி ஒன்று வேண்டும். இந்த இரண்டும் முடியாது என்றால் ஹீலியத்திலேயே இருங்கள், செலவானாலும் பரவாயில்லை. மலையில் இருக்கும் ஆய்வகங்களுக்கு இந்த விஷயத்தில் சமவெளிக்காரர்களுக்கு இல்லாத சில சிக்கல்கள் உண்டு. கருவியோடு வரும் கையேட்டில் அவற்றைப் பெரும்பாலும் பார்க்க முடியாது என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், ஹைட்ரஜன் உங்கள் அறைக்குப் புதிதில்லை. நீலகிரித் தைலத்தின் முக்கியக் கூறான சினியோல் எவ்வளவு என்று பார்க்க நீங்கள் வைத்திருப்பது எஃப்.ஐ.டி. (மாதிரியைச் சுடரில் எரித்து அளக்கும்) டிடெக்டர் என்றால், அதற்குள் எரிந்துகொண்டிருப்பதே ஹைட்ரஜன் சுடர்தான். அதற்கான சிவப்புச் சிலிண்டர் இப்போதே அறை மூலையில் நிற்கிறது என்று நினைக்கிறேன். அப்படியானால் உரிமையாளர் பயப்படும் ஆபத்து ஏற்கெனவே வீட்டுக்குள் இருக்கிறது. நீங்கள் மாறினாலும் மாறாவிட்டாலும் கீழே சொல்வதைச் செய்தாக வேண்டும்.

இந்த வாயுவின் குணம் என்ன? காற்றில் 4 சதவீதத்திலிருந்து 75 சதவீதம் வரை எந்த அளவில் கலந்திருந்தாலும் ஹைட்ரஜன் பற்றும். சமையல் வாயுவுக்கு இந்த எல்லை சுமார் 2 முதல் 9 சதவீதம்தான். அதற்கு மேல் போனால் காற்றுப் போதாமல் பற்றாது. ஹைட்ரஜனுக்கு அப்படி எளிதில் தாண்டிப் போகும் மேல் எல்லை கிடையாது. பற்றவைக்கத் தேவையான ஆற்றலும் மிகக் குறைவு: சுமார் 0.02 மில்லிஜூல். எல்.பி.ஜி.க்கு அதைப் போலப் பத்து மடங்குக்கு மேல் வேண்டும். குளிர்காலத்தில் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு இரும்புக் கைப்பிடியைத் தொடும்போது விரலில் 'சுரீர்' என்று ஒன்று படுமே, அதில் ஒரு மில்லிஜூல் அளவுக்கு இருக்கும். நமக்கு உறைக்கவே உறைக்காத தீப்பொறிகூட ஹைட்ரஜனுக்குப் போதும் என்பது இதிலிருந்தே தெரியும். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் வறண்ட நாட்களில் மேலே ஊட்டிப் பக்கம் இது இன்னும் மோசம். கம்பளியும் பாலியெஸ்டரும் உரசிக்கொண்டே இருக்கும்.

ஆகவே "தீப்பொறி வராமல் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லி ஹைட்ரஜனோடு வேலை செய்வதை நான் ஏற்பதில்லை. ட்யூப்லைட் சோக், ஃப்ரிட்ஜின் தெர்மோஸ்டாட், சுவிட்ச், சட்டைத் துணி என்று ஏதோ ஒன்று எப்போதும் இருக்கும். கசிந்தால் பற்றவைக்க ஒன்று கிடைக்கும் என்றே வைத்துக்கொண்டு, அறையில் 4 சதவீதம் சேரவே விடக் கூடாது. என் முழுப் பதிலும் அதைச் செய்வது எப்படி என்பதுதான்.

ஆற்றல் என்று பார்த்தால் ஹைட்ரஜன் சிலிண்டர் அப்படியொன்றும் பெரியதில்லை. ஆய்வகங்களுக்கு வரும் 7 கனமீட்டர் சிலிண்டரில் உள்ள ஹைட்ரஜனின் எடை வெறும் 600 கிராம் சொச்சம். வீட்டுக்கு வரும் 14.2 கிலோ சமையல் சிலிண்டரில் அதைப் போல ஒன்பது மடங்கு ஆற்றல் இருக்கிறது. ஆனால் ஹைட்ரஜன் சுடர் பாயும் வேகம் சமையல் வாயுவை விடப் பல மடங்கு. காற்றோடு கிட்டத்தட்ட 18 முதல் 59 சதவீதம் வரை கலந்திருந்தால், சூழ்நிலை அமையும்போது எரிதல் அதிர்வெடிப்பாகவே மாறிவிடும். அழுத்த அலை ஒலியை விட வேகமாகப் பாயும். மூடிய கலத்துக்குள் சரியான விகிதத்தில் கலந்து எரிந்தால் அழுத்தம் ஏறக்குறைய எட்டு மடங்காக எகிறும். கண்ணாடி ஜன்னல் தாங்குவது அதில் மிகச் சிறு பங்கு.

எல்.பி.ஜி. பழக்கம்தான் ஆய்வகக்காரர்களை இங்கே தவறான வழியில் கொண்டுபோகிறது. சமையல் வாயு காற்றை விடக் கனம், தரையில் தேங்கும். அதனால் கதவைத் திற, கீழே பார் என்று நம் கை கால்கள் பழகியிருக்கின்றன. ஹைட்ரஜன் காற்றை விடப் பதினான்கு மடங்கு லேசு. கசிந்த உடனே மேலே போகும். வாசனையும் கிடையாது. கோத்தகிரிப் பக்கம் ஓர் ஆய்வகத்தில் ஹைட்ரஜன் சென்சாரைச் சிலிண்டருக்குப் பக்கத்தில் முழங்கால் உயரத்தில் மாட்டியிருந்ததைப் பார்த்தேன். கேட்டால், கேன்டீனில் எல்.பி.ஜி. சென்சார் மாட்டிய அதே எலெக்ட்ரீஷியன்தான் இதையும் மாட்டினாராம். பச்சை விளக்கு அழகாக எரிந்துகொண்டிருந்தது. சிலிண்டர் முழுவதும் கசிந்தாலும் அந்தச் சென்சாருக்கு வெகுநேரம் தெரியவந்திருக்காது. சென்சார் இருக்க வேண்டிய இடம் கூரையின் ஆக உயரமான புள்ளி.

இப்போது உங்கள் பங்களாவுக்கு வருகிறேன். நம் மலையில் இருக்கும் பழைய பங்களாக்களுக்கு மேலே தகரக் கூரை, அதற்குக் கீழே பலகை மச்சு, நடுவில் ஆள் தவழ்ந்து போகும் அளவுக்கு இருட்டான இடைவெளி. பலகைகளுக்கு நடுவே விரிசல் நிறைய இருக்கும். அறையில் கசியும் ஹைட்ரஜன் அந்த விரிசல் வழியாக மச்சுக்கு மேலே போய் முகட்டுக்கடியில் தங்கிவிடும். பழைய வயரிங் ஓடுவதும் அதே இடத்தில்தான். அணிலும் எலியும் கடித்த வயர். அறைக்குள் நிற்கும் உங்கள் சென்சார் அமைதியாக இருக்கும்போதே தலைக்கு மேல் பற்றும் அளவுக்குக் கலவை சேர்ந்திருக்கலாம். ஆகவே ஒரு சென்சார் அறையின் உச்சியில், இன்னொன்று மச்சுக்கு மேல் முகட்டுக்கடியில் வேண்டும். அந்த முகட்டிலேயே, மழை உள்ளே வராதபடி மூடாக்குப் போட்ட காற்றுப்போக்கி ஒன்றும் வேண்டும். அதை மூட வழியே இருக்கக் கூடாது. அறையின் அடிப்பக்கத்தில் காற்று உள்ளே வர இன்னொரு திறப்பு விட்டால், மேலே போகும் ஓட்டம் தானாகவே நடக்கும், மின்சாரம் தேவையில்லை. ஹைட்ரஜன் மேலே போகத்தான் துடிக்கிறது, நாம் வழிவிட்டால் போதும்.

குளிர்தான் இதற்கு எதிரி. மார்கழிப் பனியில் காற்றுப்போக்கியில் பழைய செய்தித்தாளைத் திணித்து அடைத்திருப்பதை இந்த மலையில் நிறைய இடங்களில் பார்த்திருக்கிறேன். வேலை செய்பவர்களைக் குறை சொல்ல முடியாது. எட்டு டிகிரிக் குளிரில் விரல் மரத்துப்போய் யாரும் மாதிரியை அளந்து ஊசியில் ஏற்ற முடியாது. ஆனால் சிலர் அதோடு நிற்காமல் சுருள் சிவக்கும் ஹீட்டரை வேறு காலடியில் வைத்துக்கொள்கிறார்கள். அதை ஹைட்ரஜன் இருக்கும் அறையில் வைக்கவே கூடாது. சுருள் வெளியே தெரியாத, எண்ணெய் நிரம்பிய ரேடியேட்டர் வகை வாங்கிக் கொடுங்கள். காற்றுப்போக்கி திறந்தே இருக்க வேண்டுமென்றால் ஆட்களுக்குக் குளிராமல் பார்ப்பது நிர்வாகத்தின் பொறுப்பு.

உயரத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. பலர் இதை யோசிப்பதே இல்லை. குன்னூர் ஏறக்குறைய 1,850 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 80 சதவீதம். ஆகவே சமவெளியில் 7 கனமீட்டர் என்று நிரப்பிய அதே வாயு இங்கே வெளியே வந்தால் எட்டே முக்கால் கனமீட்டராக விரியும். பற்றும் எல்லையான 4 சதவீதம் கன அளவுக் கணக்கு. உங்கள் அறை இருபதுக்குப் பதினைந்து அடி, உயரம் பத்தடி என்று வைத்துக்கொள்வோம்: 85 கனமீட்டர். அதில் 4 சதவீதம் 3.4 கனமீட்டர். சிலிண்டரில் ஐந்தில் இரண்டு பங்கு வெளியே வந்தால் முழு அறையும் அந்த எல்லையைத் தொட்டுவிடும். இது சீராகக் கலந்தால் என்ற கணக்கு. உண்மையில் மேலே போய்ச் சேரும் என்பதால் கூரையடியில் அதற்கு வெகு முன்பே தொட்டுவிடும். எடையில் சொன்னால் கால் கிலோவுக்கும் குறைவு. சென்னையில் இதே அளவு அறைக்கு இன்னும் கால் பங்கு அதிகம் கசிய வேண்டியிருக்கும். மெல்லிய காற்றில் வெடிப்பின் உச்ச அழுத்தமும் கொஞ்சம் குறையும் என்பது உண்மைதான். அது யாரையும் காப்பாற்றும் அளவுக்கான குறைவு இல்லை.

அதே அறையில் சிலிண்டருக்குப் பதில் ஹைட்ரஜன் ஜெனரேட்டர் வைத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். தண்ணீரை மின்னாற்பகுத்து, தேவைப்படும்போது தேவைப்படும் அளவு மட்டும் வாயு தரும் பெட்டி அது. நிமிடத்துக்கு 250 மில்லிலிட்டர் தரும் ஒன்றை எடுத்துக்கொண்டால், அது தயாரிப்பது அத்தனையும் அறைக்குள் கசிந்து, ஒரு துளிகூட வெளியே போகவில்லை என்று வைத்தாலும், 4 சதவீதம் தொட ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். உள்ளே சேமித்து வைத்திருப்பதும் மிகக் கொஞ்சம். குழாயில் அழுத்தம் திடீரென விழுந்தால் பெரும்பாலான ஜெனரேட்டர்கள் தானே நின்றுவிடும். வாங்கும் விலை அதிகம், சுத்தமான நீர் ஊற்ற வேண்டும், சில பாகங்களை அவ்வப்போது மாற்ற வேண்டும். இருந்தாலும் உங்களைப் போன்ற கட்டடத்துக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

மலைக்கு இது பொருந்த இன்னொரு காரணமும் இருக்கிறது. சிலிண்டர்கள் கோயம்புத்தூரிலிருந்து மேட்டுப்பாளையம், பர்லியார் வழியாக ஏறி வர வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரிந்து பாதை அடைபட்டால் வரத்து நின்றுவிடும். அந்தப் பயத்தில் இங்கே பல ஆய்வகங்கள் மழைக்கு முன்னால் இரண்டு மூன்று சிலிண்டர்களைக் கூடுதலாக வாங்கி உள்ளேயே அடுக்கிவிடுகின்றன. ஜெனரேட்டர் இருந்தால் அந்த அடுக்கலே தேவையில்லை.

சிலிண்டரோடுதான் ஓட்ட வேண்டும் என்றால், கட்டடத்துக்கு வெளியே கம்பிக் கூண்டு, மேலே மழைக்கு ஒரு தகடு, சுவரோடு சங்கிலி. ஆக்சிஜன் சிலிண்டர் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். அங்கிருந்து துருப்பிடிக்காத எஃகுக் குழாய் உள்ளே வர வேண்டும். ரப்பர் ஹோஸ், சமையல் வாயு ஹோஸ் எதுவும் கூடாது. ரெகுலேட்டருக்கு அடுத்து, ஓட்டத்தை மட்டுப்படுத்தும் சிறு துளை கொண்ட இணைப்பு ஒன்றைப் போடச் சொல்லுங்கள். உள்ளே குழாய் முழுதாக முறிந்தாலும் நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கு மேல் வராது என்ற நிலையை அது உண்டாக்கும். இந்தச் சின்ன உலோகத் துண்டுக்கு நான் கொடுக்கும் மதிப்பு எந்த அலாரத்துக்கும் கொடுப்பதில்லை. அலாரம் கசிந்த பிறகு கத்தும். இது கசிவே பெரிதாகாமல் தடுக்கும்.

சிலிண்டர் மாற்றும்போது ஒரு பழக்கம் உண்டு: வால்வை ஒரு நொடி திறந்து 'புஸ்' என்று ஊதி வாயிலிருக்கும் தூசியை விரட்டுவது. நைட்ரஜனுக்கு அதைச் செய்யும் கை, யோசிக்காமல் ஹைட்ரஜனுக்கும் செய்துவிடும். கூடவே கூடாது. அந்த அழுத்தத்தில் சீறும் ஹைட்ரஜன், தூசித் துகளின் உரசலாலோ நிலைமின்சாரத்தாலோ அந்த இடத்திலேயே பற்றிக்கொள்ளும். தூசியைச் சுத்தமான துணியால் துடைத்தால் போதும். இடது மரை கொண்ட ஹைட்ரஜன் ரெகுலேட்டர் கிடைக்கவில்லை என்று லேத்தில் கடைந்த அடாப்டரைப் போட்டு வேறு வாயுவின் ரெகுலேட்டரை மாட்டுவதும் அப்படித்தான். மரை மாறியிருப்பதே அதைத் தடுக்கத்தான்.

கசிவுச் சோதனையில் மலைக்காரர்கள் குழம்பும் இடம் ஒன்று. இரவு குழாயில் அழுத்தம் ஏற்றி வால்வை மூடிவிட்டுப் போய், காலையில் வந்து முள் இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பது வழக்கம். மாலை 20 டிகிரி, விடியலில் 8 டிகிரி என்றால் 5 பாரில் (பார் என்பது அழுத்த அலகு) வைத்த முள் கசிவே இல்லாமல் கால் பார் அளவுக்கு இறங்கும். உடனே எல்லா இணைப்பையும் ஸ்பேனரால் இறுக்கு இறுக்கு என்று இறுக்கி நல்ல இணைப்பைக் கெடுப்பார்கள். மறுநாள் அதே நேரத்தில், அதே வெப்பநிலையில் பாருங்கள். கோவை வெயிலில் 150 பாருக்கு நிரப்பிய சிலிண்டர் இங்கே வந்து 140 காட்டுவதும் இதே கதைதான், யாரும் ஏமாற்றவில்லை. இணைப்புகளைச் சோப்புத் தண்ணீரில் பார்த்துவிட்டு, கையடக்க ஹைட்ரஜன் டிடெக்டராலும் ஒரு சுற்றுப் பாருங்கள். சோப்புக்குச் சிக்காத நுண்கசிவு அதில் சிக்கும்.

இனி ஜி.சி. கருவிக்குள். அறை வெடிப்பை விட, உங்களைப் போன்ற ஆய்வகத்தில் நடக்க அதிக வாய்ப்புள்ளது ஓவன் வெடிப்புதான். மாதிரி போகும் மெல்லிய கேப்பிலரி குழாயைச் சூடாக வைக்கும் பெட்டிதான் ஓவன். அதன் கொள்ளளவு ஏறக்குறைய 15 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 4 சதவீதம் என்றால் 600 மில்லிலிட்டர். உள்ளே சிவக்கும் ஹீட்டர் சுருளும், எல்லாவற்றையும் கலக்கிவிடும் விசிறியும் இருக்கின்றன. டிடெக்டருக்கு நிமிடத்துக்கு 40 மில்லிலிட்டர் ஹைட்ரஜன் போகிறது. ஒருவர் கேப்பிலரி குழாயைக் கழற்றிவிட்டு, டிடெக்டர் முனையை அடைக்காமல், ஹைட்ரஜனை மூடாமல் தேநீர் குடிக்கப் போகிறார். அந்த ஹைட்ரஜன் திறந்த முனை வழியாக ஓவனுக்குள் இறங்கும். கால் மணி நேரத்தில் 600 மில்லிலிட்டர். திரும்பி வந்து ஓவனை ஆன் செய்தால் கதவு பறந்து வந்து எதிரில் நிற்பவர் மேல் விழும்.

கேரியராகவும் ஹைட்ரஜன் வந்துவிட்டால் இன்னொரு வழி சேர்ந்துகொள்ளும்: மயிரிழை போன்ற அந்தக் கண்ணாடிக் குழாய் ஓவனுக்குள் முறிந்தால் கேரியரும் உள்ளேயே கொட்டும். ஆகவே உங்கள் மாடல் ஹைட்ரஜன் கேரியருக்கு ஏற்றதா என்று தயாரிப்பாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விற்றவரின் வாய்வார்த்தை போதாது. புதிய கருவிகளில் அழுத்தம் விழுந்தால் கேரியரை நிறுத்தி ஓவனையும் அணைக்கும் ஏற்பாடும், ஓவனுக்குள்ளேயே ஹைட்ரஜன் சென்சார் பொருத்தும் வசதியும் உண்டு. பழைய கருவிக்கு இவை இல்லை என்றால் கேரியரை நைட்ரஜனுக்கு மாற்றுவதையும் யோசிக்கலாம். பகுப்பாய்வு மெதுவாகும், ஆனால் சினியோல் போன்று வரைபடத்தில் பெரிய பீக்காக (முகடாக) வரும் கூறுகளுக்கு அது பெரிய இழப்பில்லை என்பது என் கருத்து. மாதிரியின் உபரியை வெளியே தள்ளும் ஸ்பிளிட் வென்ட்டில் வெளியேறும் வாயுவை ஒரு குழாய் போட்டுக் கட்டடத்துக்கு வெளியே விட்டுவிடுங்கள்.

அப்புறம் கரண்ட். மழைக்காலத்தில் மரம் சாய்ந்து மின்சாரம் போவது நமக்குப் புதிதில்லை. மின்சாரம் போனதும் சுடருக்குக் காற்றுத் தரும் ஏர் கம்ப்ரெஸர் நிற்கும், டிடெக்டர் சுடர் அணையும். ஆனால் கையால் திருகும் வால்வு வைத்த பழைய கருவியில், சிலிண்டரிலிருந்து வரும் ஹைட்ரஜன் மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருக்கும். இரவு முழுவதும் யாரும் இல்லாத அறையில். இதற்காகத்தான் வெளியே, சிலிண்டர் பக்கத்திலேயே, மின்சாரம் போனால் தானாக மூடிக்கொள்ளும் சோலனாய்டு வால்வு வேண்டும். மின்சாரம் திரும்ப வந்தாலும் அது தானாகத் திறக்கக் கூடாது. ஒரு மனிதர் வந்து சுடரைப் பார்த்துவிட்டுத்தான் திறக்க வேண்டும். அதே வால்வைச் சென்சாரோடும் இணைத்துவிடுங்கள்: 0.4 சதவீதத்தில் அலாரம், 1 சதவீதத்தில் வால்வு மூடல்.

நடந்த விபத்துகளில் ஒன்றையாவது ஆய்வகத்தில் இருக்கும் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். 2016 மார்ச் 16 அன்று ஹவாய் பல்கலைக்கழகத்தில், நுண்ணுயிர் வளர்ப்புக்காக ஹைட்ரஜன், ஆக்சிஜன், கார்பன் டைஆக்சைடு மூன்றையும் முன்கூட்டியே கலந்து 49 லிட்டர் தொட்டியில் அழுத்தத்தோடு வைத்திருந்தார்கள். அழுத்தம் பார்க்கப் பொருத்தியிருந்த டிஜிட்டல் மானி எரிவாயுச் சூழலுக்கானது இல்லை. தொட்டிக்கு எர்த் இணைப்பும் இல்லை. வெடிப்பில் ஓர் ஆராய்ச்சியாளர் ஒரு கையை இழந்தார். விசாரணையில் தெரிந்தது: முந்தைய நாளே வேறொரு சின்னக் கலத்துக்குள் சிறு வெடிப்பு ஒன்று நடந்திருக்கிறது, தொட்டியைத் தொடும்போது மின்னதிர்வு அடிப்பதும் கவனத்துக்கு வந்திருக்கிறது. இரண்டும் வேலையை நிறுத்தியிருக்க வேண்டிய சமிக்ஞைகள். உங்கள் ஆட்களில் யாராவது "தொட்டா ஷாக் அடிக்குது சார்" என்று சொன்னால் அன்றைக்கு ஹைட்ரஜனை மூடிவிட்டு எர்த்தைப் பாருங்கள்.

2019 மே மாதம் தென்கொரியாவின் கங்நுங் நகரில் ஆராய்ச்சித் திட்டம் ஒன்றின் ஹைட்ரஜன் தொட்டி வெடித்து இரண்டு பேர் இறந்தார்கள். மின்னாற்பகுப்பில் வந்த ஹைட்ரஜனோடு ஆக்சிஜனும் அளவுக்கு மீறிக் கலந்து தொட்டிக்குள்ளேயே சேர்ந்திருந்தது. வெளியே கசியாமலே உள்ளே கலவை உருவாகும் வகை இது. உங்கள் அளவில் இதற்குப் பொருள் ஒன்றுதான்: காற்று இருக்கும் கலத்துக்குள் ஹைட்ரஜனை விடாதீர்கள், ஹைட்ரஜன் இருக்கும் கலத்துக்குள் காற்றை விடாதீர்கள், நடுவில் நைட்ரஜன் ஓட்டுங்கள். அழுத்தம் தாங்கும் கலத்தில் நைட்ரஜனை 3 பாருக்கு ஏற்றி வெளியே விடுவதை மூன்று நான்கு முறை செய்தால் ஆக்சிஜன் அரை சதவீதத்துக்கும் கீழே போய்விடும். நமக்குப் பக்கத்தில், 2018 டிசம்பரில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வகத்தில் நடந்த வெடிப்பில் ஓர் ஆராய்ச்சியாளர் உயிரிழந்தார், மூன்று பேர் காயமடைந்தார்கள். நல்ல நிறுவனம், படித்தவர்கள் என்பதெல்லாம் இந்த வாயுவுக்குத் தெரியாது.

மாணவர்களின் சிட்ரால் புராஜெக்ட். விடலாம், ஆனால் கூடவே நிற்க ஓர் ஆள் வேண்டும். இங்கே ஆபத்து வாயுவை விட வினையூக்கியில் அதிகம். கரித்தூளில் ஏற்றிய பல்லேடியம் ஹைட்ரஜனை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். வினை முடிந்து வடிகட்டும்போது, மாணவர் வாக்குவத்தைப் போட்டு வடிதாளில் கறுப்புத்தூள் நன்றாகக் காயும்வரை இழுப்பார். சுத்தமாகச் செய்ய வேண்டும் என்ற அக்கறையில்தான். காய்ந்த நொடியில் தூள் தானாகச் சிவக்கும், பக்கத்தில் இருக்கும் மெத்தனால் ஆவி பற்றும். எனக்குத் தெரிந்து ஹைட்ரஜனேற்ற வேலையில் அதிகம் நடக்கும் தீ இதுதான். ஈரப்பதத்தோடு வரும் வினையூக்கியை மட்டும் வாங்குங்கள். நைட்ரஜன் ஓடும் குடுவையில் வினையூக்கியை முதலில் போட்டு, அப்புறம் கரைப்பானை ஊற்றச் சொல்லுங்கள். கரைப்பான் ஆவிக்குள் காய்ந்த தூளைக் கொட்டக் கூடாது. வினை முடிந்ததும் மறுபடி நைட்ரஜன். வடிதாளில் தூள் எப்போதும் ஈரமாகவே இருக்க வேண்டும்; அதைத் தண்ணீருக்கடியில் தனிப் பாட்டிலில் சேர்த்து வையுங்கள், குப்பைக்கூடையில் போடாதீர்கள். ஹைட்ரஜனை பலூனில் பிடித்து வினை செய்தால் போதும், அழுத்தக் கலம் தேவையில்லை. அந்த வாயு உங்கள் ஜெனரேட்டரிலிருந்தோ முறையான சிலிண்டரிலிருந்தோ வரட்டும். சந்தையில் பலூன் ஊதுபவரிடம் வாங்கி வருகிறேன் என்று ஒரு மாணவர் சொன்னால் அனுமதிக்கவே வேண்டாம். அலுமினியத்தையும் காஸ்டிக் சோடாவையும் பழைய சிலிண்டரில் போட்டுத் தயாரிப்பவர்கள் இருக்கிறார்கள், உள்ளே எவ்வளவு காற்றுக் கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

தீப்பிடித்தால்? ஹைட்ரஜன் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. வெப்பக் கதிரும் குறைவாகத்தான் வீசும் என்பதால் கிட்டே போகும்வரை முகத்தில் சூடும் உறைக்காது. சீறும் சத்தம் கேட்டால் கையை நீட்டிப் பார்க்காதீர்கள். நீளமான துடைப்பத்தை முன்னால் நீட்டிக்கொண்டு மெதுவாகப் போங்கள், சுடர் இருந்தால் துடைப்பம் பற்றும். வாயுவை மூட முடியாதபோது சுடரை மட்டும் அணைக்காதீர்கள். எரிந்துகொண்டிருக்கும் கசிவை விட, அணைந்த பிறகு அறையில் சேரும் கசிவு மோசம். வெளியே போய் வால்வை மூடுவதுதான் அணைப்பது. அதனால்தான் வால்வு வெளியே இருக்க வேண்டும் என்கிறேன். கசிவு மட்டும் இருந்து தீ இல்லை என்றால், எந்தச் சுவிட்சையும் தொடாமல், எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடலாமே என்று நினைக்காமல், ஆட்களை வெளியேற்றி வெளியிலிருந்து வாயுவை மூடுங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. ஜி.சி.க்காக ஒரு பெரிய இன்வெர்ட்டர் வைத்திருப்பீர்கள், பேட்டரிகள் மாடிப்படிக்கு அடியில் கதவு போட்ட அறையில் இருக்கும். இந்த மலையில் முக்கால்வாசிக் கட்டடங்களில் அங்கேதான் இருக்கின்றன. ஈய அமில பேட்டரி முழுதாக ஏறிய பிறகும் சார்ஜ் ஆகிக்கொண்டிருந்தால் ஹைட்ரஜன் விடும். 12 வோல்ட் பேட்டரி ஒன்று, 10 ஆம்பியரில் அப்படி ஒரு மணி நேரம் ஓடினால், குன்னூர் காற்றழுத்தத்தில் 30 லிட்டருக்கு மேல் வரும். இன்வெர்ட்டர்கள் பொதுவாக அந்த நிலையில் மின்னோட்டத்தைக் குறைத்துவிடும் என்றாலும், பழுதான சார்ஜர் குறைக்காது. படிக்கடி அறையின் கதவில் மேலேயும் கீழேயும் ஜாலி வைக்கச் சொல்லுங்கள், மேல் ஜாலி படியின் சரிவுக்கு ஆக உயரமான மூலையில் இருக்கட்டும். பேட்டரி முனையைக் கழற்றும் முன் சார்ஜரை அணைத்துவிட்டு, கதவைத் திறந்து வைத்துச் சற்றுக் காத்திருக்கச் சொல்லுங்கள். அங்கே சாமி விளக்கு ஏற்றும் வழக்கம் இருந்தால் விளக்கை வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள்.